முர்தபாக்: ஒரு தட்டு உணவில் ஒரு நூற்றாண்டு வரலாறு



அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லா உணவுக்கும் ஒரு நாள் உண்டு. ஏப்ரல் 4ஆம் தேதியை அங்குள்ள உணவு நாள்காட்டிகள் 'சிக்கன் கோர்டன் புளூ தினம்' என்று குறிக்கின்றன. கோழியிறைச்சியைத் தட்டி மெல்லிசாக்கி, உள்ளே பாலாடைக் கட்டியும் பதப்படுத்திய இறைச்சியும் வைத்து மடித்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து எடுப்பதுதான் கோர்டன் புளூ. நம்ம ஊர் உணவங்காடி நிலையங்களில் 'வெஸ்டர்ன் ஃபுட்' கடைகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். ஹலால் கடைகளில் பன்றியிறைச்சிக்குப் பதிலாகக் கோழி அல்லது வான்கோழி இறைச்சி வைத்துத் தருவார்கள்.

ஏப்ரல் மாதம் என்றால் நமக்குத் தமிழ்மொழி விழா மாதம். வகுப்பில் பேச்சு, கட்டுரை, புதிர் என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். அந்த மாதத்திலேயே இப்படி ஓர் உணவு நாளும் வருகிறது என்று சொன்னால் மாணவர்கள் உடனே கேட்பார்கள்: "ஏன் டீச்சர், நமக்கு இந்த மாதிரி ஒரு சாப்பாடு இல்லையா? நமக்குன்னு ஒரு நாள் இல்லையா?"

நல்ல கேள்வி. அதற்கு விடை தேடிப் போனால் சிங்கப்பூர் வரலாற்றின் பெரும்பகுதியை ஒரே தட்டில் பார்க்கலாம். அந்தத் தட்டில் இருப்பது முர்தபாக்.

1. அடைத்த உணவு: ஒரு பொதுவான யோசனை

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். கோர்டன் புளூவில் இறைச்சிக்குள் பொருள் வைத்து, வெளியே ரொட்டித்தூள் பூசுகிறார்கள். முர்தபாக்கில் இறைச்சி உள்ளே போய்விடுகிறது, ரொட்டியே வெளியே உறையாக வருகிறது. இரண்டுக்கும் அடிப்படை யோசனை ஒன்றுதான். கொஞ்ச இறைச்சியை மாவோடு சேர்த்து, வயிறு நிறையும்படியும் கையில் எடுத்துப் போகும்படியும் செய்வது.

தமிழர்கள் வாழும் இடங்களிலெல்லாம் இந்த யோசனைக்கு ஒரு வடிவம் இருக்கிறது. இலங்கைத் தமிழர்களிடம் 'மட்டன் ரோல்ஸ்' உண்டு. மெல்லிய உறைக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். தமிழ்நாட்டில் கட்லட் உண்டு. அந்தப் பெயர் பிரெஞ்சு மொழியில் பிறந்து ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தது. பரோட்டாக் கடைகளில் 'சிலோன் பரோட்டா' உண்டு. முட்டையும் கொத்துக்கறியும் உள்ளே வைத்துச் சதுரமாக மடித்த பரோட்டா அது. பார்ப்பதற்கு முர்தபாக்கின் தம்பி மாதிரியே இருக்கும்.

பெயரைப் பாருங்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் அதைச் 'சிலோன்' உணவு என்கிறார்கள். சிங்கப்பூரில் பலர் முர்தபாக்கை 'இந்திய' உணவு என்கிறார்கள். கடல் தாண்டிய உணவு எங்கே போனாலும் 'அந்தப் பக்கத்திலிருந்து வந்தது' என்றுதான் பெயர் வாங்குகிறது!

காலத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். 'கோர்டன் புளூ' என்றால் பிரெஞ்சு மொழியில் நீல நாடா. பிரான்சின் மூன்றாம் ஹென்றி மன்னர் 1578இல் தொடங்கிய வீரர் குழுவின் உறுப்பினர்கள் நீல நாடா அணிந்தார்கள். அதிலிருந்து அந்தச் சொல் உயர்தரச் சமையலுக்கு அடையாளமாயிற்று. பெயர் பழையது, ஆனால் உணவு அவ்வளவு பழையதில்லை. 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் 'சிக்கன் கோர்டன் புளூ' என்ற பெயர் முதலில் இடம்பெற்றது 1967இல் என்பார்கள். நம் நார்த் பிரிட்ஜ் சாலையில் முர்தபாக்குக்குப் பெயர்பெற்ற 'ஸம் ஸம்' உணவகம் தொடங்கியது 1908இல். இரண்டுக்கும் இடையே 59 ஆண்டுகள். பழமை என்று பார்த்தால் நாம் தலைகுனிய வேண்டியதில்லை.

2. பெயர் சொல்லும் கதை

வரலாற்றுக் கட்டுரை எழுதும்போது பெயரையும் ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதைக் கவனமாகக் கையாள வேண்டும்.

முர்தபாக் என்ற பெயருக்கு இரண்டு விளக்கங்கள் உலவுகின்றன.

முதல் விளக்கம்: 'முதப்பக்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு 'மடிக்கப்பட்டது' என்று பொருள். ஏமன், சவூதி அரேபியா போன்ற நாடுகளில் இன்றும் இதே பெயரில், இதே போன்ற உணவு உண்டு.

இரண்டாவது விளக்கம்: 'முட்டை', 'பரோட்டா' ஆகிய இரண்டு சொற்களும் சேர்ந்து உருவான பெயர். கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா? நம்ம மொழியிலிருந்தே பிறந்த பெயர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

எது சரி? மூன்று வகையில் சோதித்துப் பார்ப்போம்.

ஒன்று, ஒலி. முர்தபாக், இந்தோனேசியாவில் மர்தபாக். இரண்டிலும் கடைசியில் 'க்' ஒலி நிற்கிறது. 'முட்டை பரோட்டா'விலிருந்து அந்த ஒலி எப்படி வரும்? வராது. 'முதப்பக்' என்ற சொல்லிலோ அது ஏற்கனவே இருக்கிறது. இடையில் ஒரு 'ர்' மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

இரண்டு, பொருள். இந்த உணவின் முக்கியமான வேலையே மடிப்பதுதான். 'மடிக்கப்பட்டது' என்ற பெயர் அதற்கு அப்படியே பொருந்துகிறது.

மூன்று, இடம். தமிழ் பேசாத அரபு நாடுகளில் இதே பெயரும் இதே உணவும் சேர்ந்தே இருக்கின்றன. தமிழிலிருந்து போன சொல் என்றால் அதை விளக்குவது கடினம்.

ஆகவே முதல் விளக்கமே வலுவானது. நம் மொழிப் பெருமைக்கு இதனால் என்ன குறை? ஒன்றுமில்லை. மலாய் மொழியில் 'கறி', 'கடை', 'அப்பம்', 'கப்பல்', 'பெட்டி' ஆகிய தமிழ்ச் சொற்கள் இன்றும் வாழ்கின்றன. கடைக்கு மலாயில் 'கெடாய்' என்கிறார்கள். கப்பலில் சரக்கு ஏற்றி வந்து, கடை வைத்து, கறி சமைத்தவர்களின் தடம் அது. சான்று உள்ள பெருமையே நமக்கு நிறைய இருக்கும்போது, சான்று இல்லாத பெருமையை ஏன் சுமக்க வேண்டும்?

மாணவர்களே, இதை மனத்தில் வையுங்கள். ஒரு கருத்து நமக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக அது உண்மையாகிவிடாது. கட்டுரையில் மதிப்பெண் வாங்கித் தருவதும் இந்த நிதானம்தான்.

3. யார் கொண்டுவந்தார்கள்?

1819இல் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் இங்கு வணிகத்தளம் அமைத்த சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களைச் 'சூலியா' என்று அழைத்தார்கள். 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்திலேயே சிங்கப்பூர் ஆற்றையொட்டி அவர்களுக்கென்று ஒரு குடியிருப்புப் பகுதி ஒதுக்கப்பட்டது. 1826இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவினார்கள். தெலுக் ஆயர் தெருவில் அல் அப்ரார் பள்ளிவாசல் எழுந்தது. தொடக்கத்தில் சிறு குடிசையாக இருந்ததால் அதற்குக் 'கூச்சுப் பள்ளி' என்றே பெயர். 'குச்சு' என்றால் குடிசை என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அதே தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே நாகூர் தர்காவின் நினைவாக ஒரு தர்காவும் கட்டப்பட்டது. இந்த மூன்றும் இன்று தேசிய நினைவுச்சின்னங்கள்.

அதே 1822 திட்டத்தில் கம்போங் கிளாம் பகுதி சுல்தான் ஹுசைனுக்கும் மலாய், பூகிஸ், அரபு மக்களுக்கும் ஒதுக்கப்பட்டது. ஏமனின் ஹள்ரமவுத் பகுதியைச் சேர்ந்த அரபு வணிகக் குடும்பங்கள் அங்கே செல்வாக்கோடு வாழ்ந்தன. அல்ஜுனைட், அல்சகாஃப், அல்காஃப் ஆகிய பெயர்கள் இன்றும் நம் சாலைகளிலும் கட்டடங்களிலும் இருக்கின்றன. தீவுக்கூட்டத்தின் பல பகுதிகளிலிருந்து மக்கா செல்லும் ஹஜ் பயணிகள் இங்கே தங்கிக் கப்பல் ஏறினார்கள். புஸோரா தெருவுக்குக் 'கம்போங் காஜி', அதாவது ஹாஜிகளின் கிராமம், என்றே பெயர் இருந்தது.

இப்போது காரணங்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். அரபு நாட்டு உணவின் பெயரை அறிந்தவர்கள் ஒரு பக்கம். மாவு பிசைந்து வீசும் கைத்திறன் கொண்ட தென்னிந்திய முஸ்லிம்கள் மறுபக்கம். ஹலால் உணவு தேடும் பயணிகளும் தொழுகைக்கு வருவோரும் நடுவில். இந்த மூன்றும் சந்திக்கும் இடத்தில் முர்தபாக் கடை தழைத்ததில் வியப்பு ஏதாவது உண்டா?

சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே நார்த் பிரிட்ஜ் சாலையில் 1908இல் 'ஸம் ஸம்' தொடங்கியது. நிறுவியவர் கேரளத்திலிருந்து வந்த அப்துல் காதர். மக்காவில் உள்ள ஸம் ஸம் ஊற்றின் பெயரையே கடைக்கு வைத்தார். 1910இல் அதன் பக்கத்திலேயே 'விக்டரி' உணவகம் வந்தது. இரண்டும் அடுத்தடுத்த கடைகளாக இன்றும் நடக்கின்றன. எதிரே தங்கக் குவிமாடத்தோடு நிற்கும் இன்றைய பள்ளிவாசல் கட்டடம் 1932இல்தான் கட்டி முடிக்கப்பட்டது. அதாவது, நாம் படம் எடுத்துக்கொள்ளும் அந்தக் குவிமாடத்தைவிட எதிரே உள்ள முர்தபாக் கடைகளுக்கு வயது அதிகம்!

4. லிட்டில் இந்தியாவின் பங்கு

"அப்ப லிட்டில் இந்தியாவுக்கு இதில் பங்கு இல்லையா?" என்று கேட்கலாம். நிச்சயம் உண்டு.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிராங்கூன் சாலைப் பகுதி மாட்டு வணிகத்துக்குப் பெயர்பெற்றது. தண்ணீரும் புல்லும் கிடைத்த இடம் அது. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை ஆகிய பெயர்கள் அதை இன்றும் சொல்கின்றன. 'கெர்பாவ்' என்றால் மலாயில் எருமை. பெலிலியோஸ் சாலை என்பது மாட்டு வணிகர் ஒருவரின் பெயர். மாடு இருந்த இடத்தில் பால், நெய், இறைச்சி ஆகிய தொழில்களும், அவற்றை நம்பி வாழ்ந்த இந்தியத் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

டன்லப் தெருவில் உள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலின் இன்றைய கட்டடப்பணி 1907இல் தொடங்கியது. அந்தப் பகுதியில் வாழ்ந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களும், அருகிலிருந்த குதிரைப் பந்தயத் திடலில் குதிரைகளைப் பராமரித்த பாவியன் தீவு மக்களும் அங்கே தொழுதார்கள். 1907, 1908. ஒரே காலகட்டம். கம்போங் கிளாமிலும் சிராங்கூன் சாலையிலும் தென்னிந்திய முஸ்லிம் சமூகம் ஒரே சமயத்தில் வேரூன்றிக்கொண்டிருந்தது என்பதற்கு இந்த இரண்டு ஆண்டுகளும் சான்று.

இன்று தேக்கா நிலையத்துக்குள் நடந்து போனால் தோசைக் கடைக்குப் பக்கத்தில் பிரியாணிக் கடை, அதற்குப் பக்கத்தில் பரோட்டா, முர்தபாக் போடும் கடை என்று வரிசையாக இருக்கும். 'தேக்கா' என்பதே சீன ஹொக்கியன் மொழிச் சொல். மூங்கில் அடிவாரம் என்று பொருள். தமிழர் பகுதியின் நடுவே சீனப் பெயர், அதற்குள் அரபுப் பெயர் கொண்ட உணவு, அதைத் தென்னிந்தியர் சமைக்க, எல்லாரும் உண்கிறார்கள். பல இன நல்லிணக்கம் பற்றி எழுத இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

5. மசாலா அரைத்த கைகளும் ஒரு பள்ளிக்கூடமும்

தமிழாசிரியர்களாகிய நாம் மறக்கக்கூடாத ஒரு பகுதி இது.

சூலியா வணிகர்களுக்குப் பிறகு, தென்தமிழகத்தின் கடையநல்லூர், தென்காசி ஊர்களிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் வந்தன. கடையநல்லூரில் பலர் நெசவாளர்கள். நெசவு நலிந்தபோது கடல் கடந்தார்கள். அவர்களில் பலர் குடும்பமாக வந்ததால் பெண்களும் இங்கே உழைத்தார்கள். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் மசாலா அரைத்து விற்பதும், சாப்பாடு சமைத்து விற்பதும் அவர்களின் பிழைப்பு. சைனாடவுன் பக்கம் 'கடையநல்லூர் தெரு' என்ற பெயர்ப்பலகை இன்றும் இருக்கிறது. ஒரு முறை மாணவர்களை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

அந்தச் சமூகம் 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பைத் தொடங்கியது. போர் முடிந்ததும் 1946இல் ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவியது. அதுதான் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. சீறாப்புராணம் தந்த புலவரின் பெயர். அது வளர்ந்து சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக நின்றது. மாணவர் எண்ணிக்கை குறைந்து 1982இல் மூடப்பட்டது. ஆனால் பெயர் மறையவில்லை. உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையமாக இன்றும் வாழ்கிறது. நம்மில் எத்தனை பேர் பயிலரங்குக்காக அந்தக் கட்டடத்துக்குள் போயிருக்கிறோம்! நம் மாணவர்களில் எத்தனை பேர் மாலை வகுப்புக்கு அங்கே போகிறார்கள்!

மசாலா அரைத்தவர்களும் உணவு விற்றவர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்க நினைத்தார்கள்? தமிழை. உணவு வரலாறு வேறு, மொழி வரலாறு வேறு என்று பிரிக்க முடியாது என்பதற்கு இதுவே போதும்.

6. தெருவிலிருந்து உலகப் பட்டியலுக்கு

ஒரு காலத்தில் உணவு விற்பனை தெருவில்தான் நடந்தது. தள்ளுவண்டி, தலைச்சுமை, ஐந்தடி நடைபாதை. இந்திய முஸ்லிம்கள் இஞ்சித் தேநீர் விற்ற 'சராபாட்' கடைகளும் இருந்தன. 'ஷர்பத்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. குப்பை, நோய், நெரிசல் ஆகிய சிக்கல்களும் கூடவே இருந்தன. அரசாங்கம் 1968, 1969ஆம் ஆண்டுகளில் தீவு முழுவதும் உள்ள தெருவோர வியாபாரிகளைப் பதிவு செய்தது. 1971இலிருந்து 1986 வரை அவர்களைப் படிப்படியாக உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றியது. குழாய்த் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் வசதி கிடைத்தன. இன்று தீவில் 100க்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன.

2018 தேசிய தினப் பேரணியில் பிரதமர் லீ சியன் லூங், நம் உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ பட்டியலுக்கு முன்மொழியப் போவதாக அறிவித்தார். 2020 டிசம்பர் 16ஆம் தேதி அது பட்டியலில் இடம்பெற்றது. சிங்கப்பூருக்கு அந்தப் பட்டியலில் கிடைத்த முதல் இடம் அது.

கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? யுனெஸ்கோ ஓர் உணவுக்குப் பட்டம் கொடுக்கவில்லை. முர்தபாக்குக்கோ கோழிச் சோற்றுக்கோ கொடுக்கவில்லை. பல இனத்தவரும் ஒரே கூரையின்கீழ் சமைத்து, ஒரே மேசையில் உட்கார்ந்து உண்ணும் பழக்கத்துக்குத்தான் அந்த அங்கீகாரம். அப்படியானால் அந்தப் பழக்கம் நின்றுவிட்டால் அங்கீகாரத்துக்கு என்ன பொருள்?

இதுதான் இன்றைய சிக்கல். உணவங்காடிக்காரர்களின் நடுவயது 60ஐ ஒட்டி இருக்கிறது. முர்தபாக் போடுவது எளிய வேலையில்லை. மாவைப் பிசைந்து, உருண்டை பிடித்து, நெய் தடவி ஊறவைக்க வேண்டும். பிறகு ஒவ்வோர் உருண்டையையும் தட்டி, கிழியாமல் வீசி, மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக்க வேண்டும். சூடான கல்லில் விரித்து, வேகவைத்த கொத்துக்கறி, வெங்காயம், முட்டை வைத்து, நான்கு பக்கமும் மடித்து, உள்ளே முட்டை வேகும்வரை, வெளியே கருகாமல் புரட்ட வேண்டும். அனலுக்கு முன்னால் நாள் முழுக்க நிற்க வேண்டும். படித்து வேறு வேலைக்குப் போன பிள்ளைகள் இதற்குத் திரும்பி வருவார்களா?

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2020இல் உணவங்காடித் தொழில் கற்போருக்கான பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. மூத்தவர்களின் கடையை இளையவர்களிடம் ஒப்படைக்க உதவும் திட்டத்தை 2022இல் கொண்டுவந்தது. இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை வேலை அனுமதியில் அழைத்துவர 2023 செப்டம்பரிலிருந்து மனிதவள அமைச்சு வழி செய்தது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் கப்பலில் வந்த கைத்திறன் இப்போது விமானத்தில் வருகிறது. ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளின் கைக்கு அது மாறுமா என்பது இன்னும் திறந்த கேள்விதான்.

7. முர்தபாக் யாருடைய உணவு?

இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டால் விவாதம் சூடாகும். ஒருவர் அரபு உணவு என்பார், ஒருவர் மலாய் உணவு என்பார், ஒருவர் "இல்ல டீச்சர், தமிழ்ச் சாப்பாடுதான்" என்பார்.

மேலே பார்த்த சான்றுகளை ஒன்றுசேர்த்தால் கிடைக்கும் விடை இது. பெயர் அரபு. புகழ்பெற்ற பழைய கடையை நிறுவியவர் கேரளத்துக்காரர். மாவு வீசும் கலை தென்னிந்தியாவுடையது. கடை இருந்த கம்போங் மலாய்க்காரருடையது. ரமலான் மாதத்தில் கேலாங் சிராய் சந்தையிலும் கம்போங் கிளாமிலும் நோன்பு துறப்பதற்காக வரிசையில் நின்று இதை வாங்குபவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். தட்டின் ஓரத்தில் கறிக் குழம்போடு வெள்ளரிக்காயும் தக்காளிச் சாஸும் வைப்பது இந்த வட்டாரத்தின் வழக்கம். சார்டின் மீன் முர்தபாக், மான் இறைச்சி முர்தபாக் என்று புதிய வகைகளையும் சிங்கப்பூர் சேர்த்துக்கொண்டது.

அப்படியானால் தமிழர்களுக்குப் பங்கில்லையா? இருக்கிறது. ஆனால் அது 'நாங்கள் கண்டுபிடித்தோம்' என்ற பங்கு அல்ல. சுமந்து வந்து, மாற்றிச் சமைத்து, தலைமுறை தலைமுறையாகப் பரிமாறிய பங்கு. என்னைக் கேட்டால், கண்டுபிடித்தவரைவிடக் காப்பாற்றியவருக்கே வரலாறு அதிகம் கடன்பட்டிருக்கிறது. எந்த இனமும் 'இது எங்களுடையது மட்டும்' என்று எடுத்துக்கொண்டு போய்விட முடியாத உணவு இது. அதனால்தான் இது சிங்கப்பூர் உணவு.

அமெரிக்க உணவு நாள் போல ஒரு தேதியை நாள்காட்டியில் குறித்துவிடுவது சுலபம். முர்தபாக்குக்கு ஏற்கனவே ஒரு காலம் இருக்கிறது. ஆண்டுதோறும் ரமலான் மாதம் முழுவதும் அதற்குத் திருவிழாதான். அதை யாரும் அறிவிக்கவில்லை. மக்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

8. தேர்வுக்கு எப்படிப் பயன்படுத்தலாம்?

மாணவர்களே, உணவு, மரபுடைமை, பல இன நல்லிணக்கம், பாரம்பரியத் தொழில்களின் எதிர்காலம் ஆகிய தலைப்புகள் கட்டுரையிலும் வாய்மொழித் தேர்விலும் வரக்கூடியவை. இந்தக் கட்டுரையிலிருந்து மூன்று வழிமுறைகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பொதுவாக எழுதாதீர்கள். 'சிங்கப்பூரில் பல வகை உணவுகள் உள்ளன' என்ற வாக்கியத்தை எல்லாரும் எழுதுவார்கள். 'அரபுப் பெயர் கொண்ட உணவைத் தென்னிந்தியர் சமைக்க, மலாய்க்காரர் நோன்பு துறக்க வாங்கிச் செல்கிறார்கள்' என்று எழுதிப் பாருங்கள். வேறுபாடு உங்களுக்கே புரியும்.

இரண்டாவது, காரணத்தையும் விளைவையும் இணைத்து எழுதுங்கள். நெசவு நலிந்தது, அதனால் கடல் கடந்தார்கள், அதனால் உணவுத் தொழில் வந்தது, அந்தச் சமூகம் பள்ளி கட்டியது. ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியை இழுத்து வர வேண்டும்.

மூன்றாவது, வாய்மொழித் தேர்வில் உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சேர்த்துப் பேசுங்கள். தாத்தா எந்தக் கடையில் சாப்பிட்டார், அம்மா எந்தக் கடையை இன்றும் தேடிப் போகிறார் என்று வீட்டில் கேட்டு வையுங்கள். சைவ உணவு உண்ணும் மாணவர்கள் தங்கள் வீட்டு அடைத்த உணவைப் பற்றிப் பேசலாம். கொழுக்கட்டைக்கும் போளிக்கும் வரலாறு இல்லையா என்ன?

சொல்வளத்துக்குச் சில சொற்கள்: மரபுடைமை, புலம்பெயர்வு, கைத்திறன், அங்கீகாரம், நல்லிணக்கம், தலைமுறை இடைவெளி, வாழ்வாதாரம், சொற்பிறப்பு.

பயிற்சி வினாக்கள்:

1. முர்தபாக் என்ற பெயரின் தோற்றம் பற்றிய இரண்டு விளக்கங்களை ஒப்பிட்டு, எது ஏற்கத்தக்கது என்பதைச் சான்றுகளுடன் எழுதுக.

2. 'உணவங்காடிப் பண்பாடு நீடிக்க வேண்டுமானால் இளையர்கள் அந்தத் தொழிலுக்கு வர வேண்டும்.' இக்கருத்தை நீ ஏற்கிறாயா? காரணங்களுடன் விளக்குக.

3. உன் குடும்பத்தில் தலைமுறைகளாகச் சமைக்கப்படும் ஓர் உணவு எந்த ஊரிலிருந்து, யார் வழியாக வந்தது என்று கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்றாவது வினாவை வீட்டுப்பாடமாகக் கொடுத்துப் பாருங்கள். தாத்தா பாட்டியிடம் பேரப்பிள்ளைகள் தமிழில் உட்கார்ந்து பேசுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைப்பது அரிது. அவர்களில் சிலர் உணவுக்கடையில் வேலை பார்த்தவர்களாக இருப்பார்கள். அந்த நினைவுகள் புத்தகத்தில் இல்லை. இப்போது கேட்டு எழுதி வைத்தால்தான் அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கும்.